எச்-1பி, எச்-4ல இருந்துக்கிட்டு வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு ஃப்ரீலான்ஸ்: விசா பக்கமும் வரிப் பக்கமும் படிப்படியா

வீட்டுக்காரர் எச்-1பி (அமெரிக்க கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசா), நான் எச்-4 (அவரைச் சார்ந்து வர்ற துணைவர் விசா), கையில ஈ.ஏ.டி கார்டு (வேலை செய்ய அரசாங்கம் தர்ற அனுமதி அட்டை) இருக்கு, யூ.ஐ டிசைன் (ஆப், வெப்சைட் திரை வடிவமைப்பு) பண்றேன், கிளையண்ட் பாதிப் பேர் இந்தியாவுல, மீதிப் பேர் யூரோப்புல. இவ்வளவுதான் நம்ம கதை. ஆனா இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இங்க அமெரிக்காவுல இருக்கிற சி.பி.ஏ (வரிக் கணக்குப் பார்க்கிறவர்) "இந்தியா சமாச்சாரத்துக்கு அங்கயே ஒரு ஆளைப் பாருங்க"ன்னுட்டாரு, அங்க இருக்கிற ஆடிட்டர் "அமெரிக்கா ரூல் நமக்குத் தெரியாதும்மா"ன்னுட்டாரு, நடுவுல வாட்ஸ்ஆப் குரூப்புல ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்றாங்க. ரெண்டு பக்கத்தையும் ஒட்டிப் பார்க்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு, அதனால புதுசா வர்றவங்களுக்காவது ஒரே இடத்துல இருக்கட்டும்னு எழுதுறேன்.

நான் வக்கீலும் இல்ல, சி.பி.ஏவும் இல்ல. ஃபீஸ், லிமிட் எல்லாம் அடிக்கடி மாறுது, அதனால ஃபார்ம் அனுப்புற அன்னைக்கு அரசாங்க சைட்ல ஒரு தடவை பார்த்துட்டு அனுப்புங்க. இது அமெரிக்காவுல இருக்கிற இந்தியர்களுக்கு மட்டும், கனடா, யூ.கே ரூல் எல்லாம் வேற.

1. ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேளுங்க

எல்லாரும் போட்டுக் குழப்புற இடம் இதுதான். "நான் இந்த வேலையைச் செய்யலாமா?" அது யூ.எஸ்.சி.ஐ.எஸ் (அமெரிக்க குடியேற்றத் துறை) சம்பந்தப்பட்ட கேள்வி. "இந்தக் காசுக்கு வரி உண்டா?" அது ஐ.ஆர்.எஸ் (அமெரிக்க வரித் துறை) சம்பந்தப்பட்ட கேள்வி. ஒண்ணுக்கு வர்ற பதில் இன்னொண்ணுக்கு செல்லாது. ஒழுங்கா வரி கட்டிட்டேன்னு சொன்னா அனுமதி இல்லாம செஞ்ச வேலை சட்டப்படி சரியாயிடாது, அதே மாதிரி அனுமதி இல்லாம சம்பாதிச்ச காசுங்கிறதால ஐ.ஆர்.எஸ் விட்டுடவும் மாட்டாங்க, அதுக்கும் ரிட்டர்ன்ல காட்டி வரி கட்டித்தான் ஆகணும்.

ரெண்டு கேள்விக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு, இதை மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். வேலை எங்க நடக்குதுங்கிறதை கிளையண்ட் இருக்கிற நாடோ, காசு விழுற பேங்க்கோ முடிவு பண்றதில்ல, வேலை செய்யும்போது நீங்க எந்த மண்ணுல உக்காந்திருக்கீங்களோ அதுதான் முடிவு பண்ணுது. "கிளையண்ட் இந்தியா, காசு இந்திய அக்கவுண்ட்டுக்கு ரூபாயா போகுது, அமெரிக்காவுக்கு இதுல என்ன?"ன்னு கேக்கிறவங்க ரொம்பப் பேர். நியூஜெர்சி அபார்ட்மெண்ட்ல உக்காந்து செஞ்சா அது அமெரிக்காவுல செஞ்ச வேலைதான்.

2. உங்க விசா எதை அனுமதிக்குதுன்னு முதல்ல பாருங்க

எச்-1பி: பெட்டிஷன் (விசாவுக்கான மனு) போட்ட முதலாளிகிட்ட, அந்தப் பெட்டிஷன்ல சொன்ன வேலை மட்டும்தான். சனி ஞாயிறுல, ராத்திரியில, அஞ்சு மணி நேரம்தானேன்னு எந்த விலக்கும் கிடையாது. எழுதிக் கொடுக்கிறது, ப்ரோக்ராம் கோடு எழுதுறது, ஆன்லைன் டியூஷன் எல்லாம் இதுல அடங்கும். "காசு வாங்காம செஞ்சு குடுத்துட்டு அப்புறம் வாங்கிக்கிறேன்"ங்கிற வித்தையும் செல்லாது.

சட்டப்படி ரெண்டாவது வேலை வேணும்னா கன்கரண்ட் எச்-1பின்னு (ஒரே நேரத்துல ரெண்டு முதலாளிகிட்ட) ஒண்ணு இருக்கு. ரெண்டாவது கம்பெனி உங்களுக்காக முதல்ல லேபர் டிபார்ட்மெண்ட்ல எல்.சி.ஏ (சம்பளம், வேலை நிலைமை பத்தின சான்று) வாங்கணும், அதுக்கு 7 வேலை நாள், அப்புறம் ஐ-129 (பெட்டிஷன் ஃபார்ம்) போடணும். ஏற்கனவே எச்-1பிக்கு வருஷா வருஷம் நடக்கிற லாட்டரியில எண்ணப்பட்டவரா இருந்தா திரும்ப லாட்டரி கிடையாது, பார்ட் டைமா கூட இருக்கலாம், ஏற்கனவே எச்-1பி ஸ்டேட்டஸ்ல ஒழுங்கா இருக்கிறவர் பெட்டிஷன் போய்ச் சேர்ந்ததுமே வேலையைத் தொடங்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா செலவைப் பாருங்க: ஐ-129க்கு 780 டாலர், சின்ன கம்பெனின்னா 460, அதுக்கு மேல ஃப்ராடு ஃபீ 500, கம்பெனி சைஸைப் பொறுத்து ட்ரெய்னிங் ஃபீ 750 அல்லது 1500, அசைலம் ப்ரோக்ராம் ஃபீ 300 அல்லது 600, வக்கீல் ஃபீஸ் தனி. அதுவும் போக அந்த கம்பெனி அமெரிக்காவுல இருக்கிற முதலாளியா இருக்கணும், உங்களை டபிள்யூ-2ல (அதாவது ஊழியரா) சம்பளத்துக்கு வைக்கணும். 1099 கான்ட்ராக்டரா (சுயதொழில் ஆளா) வைக்க முடியாது. மாசம் ஒரு லோகோ வாங்குற கிளையண்ட் இதுக்கெல்லாம் வருவாரா? வரமாட்டாரு. கொஞ்சம் பெரிய, நிரந்தரமான பார்ட் டைம் வேலைக்குத்தான் இது ஒத்து வரும்.

"அப்ப நானே ஒரு எல்.எல்.சி கம்பெனி தொடங்கிக்கிறேன்"னு சொல்றவங்களுக்கு: எச்-1பியில எல்.எல்.சியை சொந்தமா வச்சிருக்கலாம், அதுல உக்காந்து வேலை செய்யக் கூடாது. முதலீடு பண்ணிட்டு லாபத்துல பங்கு வாங்குறது வேற, கிளையண்ட்டுக்கு இன்வாய்ஸ் போட்டு டிசைன் பண்ணித் தர்றது வேற. 2025 ஜனவரி 17ல வந்த ரூல்படி சொந்தக் கம்பெனியே உங்களுக்கு எச்-1பி ஸ்பான்சர் பண்ணலாம்தான், ஆனா முதல் அப்ரூவலும் முதல் எக்ஸ்டென்ஷனும் 18 மாசம் 18 மாசம்தான் குடுப்பாங்க, அதுக்கும் மேல சொன்ன எல்லாப் பேப்பரும் வேணும்.

வட்டி, டிவிடெண்ட், ஷேர் வித்த லாபம், ஊர்ல இருக்கிற வீட்டு வாடகை, இதெல்லாம் உழைப்பு இல்லாத வருமானம், விசா பிரச்சனை கிடையாது, வரி மட்டும் உண்டு.

எச்-4: ஈ.ஏ.டி இல்லாம எதுவும் செய்யக் கூடாது. ஈ.ஏ.டி வந்துட்டா யாருகிட்ட வேணாலும் வேலை செய்யலாம், சொந்தமாவும் தொழில் பண்ணலாம், முதலாளி யாருன்னு கட்டுப்பாடே இல்ல.

எல்-2 (கம்பெனிக்குள்ளயே மாற்றலாகி வந்தவரோட) துணைவருக்கு ஐ-94ல (நாட்டுக்குள்ள வந்த பதிவு) எல்-2எஸ்னு போட்டிருந்தா அதுவே வேலை செய்யறதுக்கான அனுமதி, தனியா கார்டு எடுக்கணும்னு இல்ல. எஃப்-1 (மாணவர் விசா) பசங்களுக்கு, படிப்பு முடிஞ்சு வர்ற 12 மாச ஓ.பி.டியில (வேலைப் பயிற்சி அனுமதி) படிச்ச துறையிலயே சொந்தமா தொழில் பண்ணலாம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கான) எக்ஸ்டென்ஷன்ல அது முடியாது, அங்க ஐ-983ல (பயிற்சித் திட்ட ஃபார்ம்) கையெழுத்துப் போட ஒரு முதலாளி வேணும்.

கிரீன் கார்டுக்கு ஐ-485 போட்டு அதுல ஈ.ஏ.டி வந்திருக்கிறவங்களும் ஃப்ரீலான்ஸ் பண்ணலாம், ஆனா எச்-1பி வச்சிருக்கிறவர் அந்தக் கார்டைக் காட்டி வெளி வேலை செஞ்சா எச்-1பி ஸ்டேட்டஸை விட்டுட்ட கணக்காயிடும், ஐ-485 ரிஜெக்ட் ஆனா கீழ தாங்க வலை இருக்காது. வக்கீலைக் கேக்காம இதுல கை வைக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை, இதைக் கொட்டை எழுத்துல எழுதணும்னு தோணுது. எங்க வட்டாரத்துல சர்வ சாதாரணமா நடக்குற ஒண்ணு, எச்-1பியில இருக்கிற கணவர் ராத்திரி உக்காந்து வேலை செய்வாரு, இன்வாய்ஸ் மட்டும் எச்-4 ஈ.ஏ.டி இருக்கிற மனைவி பேர்ல போகும். இது குறுக்கு வழி இல்லைங்க, மோசடி. வேலை செஞ்சவர் யாரோ அவருக்குத்தான் அனுமதி வேணும். கிளையண்ட் மீட்டிங்ல யார் பேசினா, ஈமெயில் யார் அனுப்பினா, கோடு யார் பேர்ல ஏறியிருக்கு, எல்லாம் பதிவாகிக் கெடக்கு. ஐ-485 ஃபார்ம்லயே அனுமதி இல்லாம வேலை செஞ்சிருக்கீங்களான்னு நேரா ஒரு கேள்வி இருக்கு, அங்க பொய் சொன்னா முதல் தப்பை விட அது பெரிய தப்பு. வேலை வழியா கிரீன் கார்டு வாங்குறவங்களுக்கு 245(கே)ன்னு ஒரு பிரிவு மொத்தம் 180 நாள் வரைக்கும் இந்த மாதிரி மீறலை மன்னிக்குது, ஏற்கனவே செஞ்சுட்டவங்க வக்கீல்கிட்ட அதைக் கேளுங்க, ஆனா அதை நம்பிப் புதுசா தொடங்காதீங்க.

3. எச்-4 ஈ.ஏ.டி எடுக்கிறது

தகுதி ரெண்டே ரெண்டுதான்: எச்-1பி துணைவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்கு கம்பெனி போடுற மனு) அப்ரூவ் ஆகியிருக்கணும், இல்லைன்னா அவரு எச்-1பியோட ஆறு வருஷ வரம்பைத் தாண்டின எக்ஸ்டென்ஷன்ல இருக்கணும். ஃபார்ம் ஐ-765, கேட்டகிரி சி26.

கூட வைக்க வேண்டியது: உங்க எச்-4 ஐ-94, பாஸ்போர்ட் காப்பி, கல்யாண சர்டிபிகேட், துணைவரோட எச்-1பி ஐ-797 (அப்ரூவல் நோட்டீஸ்), ஐ-140 அப்ரூவல் நோட்டீஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பழைய ஈ.ஏ.டி இருந்தா அதோட ரெண்டு பக்கமும். கல்யாண சர்டிபிகேட் தமிழ்ல இருந்தா மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியும் சேர்த்து வைங்க. ஐ-140 காப்பி பல பேருக்குக் கையில இருக்காது, கம்பெனி வக்கீல் தர யோசிப்பாரு, எச்.ஆரை முன்கூட்டியே நச்சரிக்க ஆரம்பிச்சிடுங்க.

ஃபீஸ் பேப்பர்ல போட்டா 520 டாலர். செக் எழுதி வைக்காதீங்க, 2025 அக்டோபர் கடைசியில இருந்து பேப்பர் செக் வாங்குறதை நிறுத்திட்டாங்க, கார்டுல கட்டுறதுன்னா ஜி-1450, பேங்க் அக்கவுண்ட்ல இருந்துன்னா ஜி-1650 ஃபார்மை மேல வச்சு அனுப்பணும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவங்க ஐ-765லயே அதுக்கும் சேர்த்துக் கேக்கலாம், தனியா ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

ரின்யூவல்தான் இப்ப பெரிய தலைவலி. முடியுற தேதிக்கு 180 நாள் முன்னாடியே போடலாம். முன்னெல்லாம் ரின்யூவல் போட்டுட்டா பழைய கார்டு தானா நீண்டுக்கும், 2025 அக்டோபர் 30ல இருந்து போடுற ரின்யூவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கார்டுல போட்டிருக்கிற தேதி முடிஞ்சா அன்னைக்கே லேப்டாப்பை மூடணும், நடுவுல இருக்கிற ப்ராஜெக்ட் நட்டாத்துல நின்னாலும் சரி. அதனால கிளையண்ட் கான்ட்ராக்ட்லயே "அனுமதி காரணமா வேலையை நிறுத்தி வைக்கலாம்"னு ஒரு வரி போட்டுக்கோங்க, எனக்கு இது ரொம்ப உதவுச்சு. எச்-4 ஐ-94 முடியுற தேதியைத் தாண்டி ஈ.ஏ.டி தரமாட்டாங்கங்கிறதால அதையும் கையோட பாருங்க.

4. வரிக் கணக்குல நீங்க ரெசிடெண்டான்னு முடிவு பண்ணுங்க

விசாவுல நான்-இமிக்ரண்ட்னு இருக்கேன்னு பார்த்து ஏமாறாதீங்க, வரிக்கு வேற கணக்கு. இந்த வருஷம் குறைஞ்சது 31 நாள் இங்க இருந்திருக்கணும், அதோட இந்த வருஷ நாள் முழுசா, போன வருஷ நாள்ல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷ நாள்ல ஆறுல ஒரு பங்கு, எல்லாம் கூட்டி 183 வந்துட்டா நீங்க ரெசிடெண்ட். ஜூலை 1ம் தேதி முதல் முறையா வந்து வருஷக் கடைசி வரைக்கும் வெளிய போகாம இருந்தாலே 184 நாள் ஆயிடுது. எஃப்-1 பசங்களுக்கு முதல் அஞ்சு காலண்டர் வருஷம் இந்த எண்ணிக்கை கிடையாது, எச்-1பி எச்-4க்கு அந்த விலக்கு இல்ல.

ரெசிடெண்ட் ஆயிட்டா உலகத்துல எங்க இருந்து எந்தக் காசு வந்தாலும் ஃபார்ம் 1040ல (வருஷ வரி ரிட்டர்ன்) வரணும். ஊர் பேங்க் எஃப்.டி வட்டி, வாடகை, ஃப்ரீலான்ஸ், எல்லாம். அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தாத்தான் வரின்னு சொல்றது சுத்த பொய்.

இங்க ஒரு பொறி: அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் தளத்துல சேரும்போது வரி ஃபார்ம் கேக்கும், நாம அமெரிக்க சிட்டிசன் இல்லையேன்னு டபிள்யூ-8பென் நிரப்பிடுவாங்க. அது வரிக் கணக்குல வெளிநாட்டுக்காரருக்கானது. நீங்க வரி ரெசிடெண்ட்னா சிட்டிசனோ இல்லையோ குடுக்க வேண்டியது டபிள்யூ-9. இந்தியாவுல இருந்தப்ப தொடங்கின அக்கவுண்ட்ல பழைய டபிள்யூ-8பென் அப்படியே உக்காந்திருக்கும், போய் மாத்துங்க.

5. எவ்வளவு எடுத்து வைக்கணும், எப்ப கட்டணும்

சம்பளக்காரங்களுக்கு இது புதுசு. சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில (ஓய்வூதியம், முதியோர் மருத்துவத்துக்கானது) பாதியை முதலாளி கட்டுவாரு, ஃப்ரீலான்ஸ்ல ரெண்டு பாதியும் நம்ம தலையில, மொத்தம் 15.3%. செலவு போக லாபம் 400 டாலர் வந்துட்டாலே இது உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்ல, அதனால ஊர்ல பி.எஃப் கட்டுறேன்னு சொல்லி இதுல இருந்து தப்பிக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன். செலவு போக லாபம் 10,000 டாலர், ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைல் பண்றீங்க, துணைவர் சம்பளத்தால ஏற்கனவே 22% ஸ்லாப்ல இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். 10,000ல 92.35% எடுத்தா 9,235, அதுல 15.3% போட்டா சுமார் 1,413, இது செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ். அதுல பாதி 706 கழிச்சா 9,294. அதுல க்யூ.பி.ஐ (தொழில் லாபத்துக்கான) கழிவு 20%, அதாவது 1,859 போக மீதி 7,435. அதுக்கு 22% சுமார் 1,636. ரெண்டும் சேர்த்து 3,049 டாலர், இது ஃபெடரல் (மத்திய அரசு) வரி மட்டும். அதனால வர்ற ஒவ்வொரு இன்வாய்ஸ்லயும் 30% தனி அக்கவுண்ட்டுல போட்டுட்டு அதை மறந்துடுங்க, வருமான வரி இருக்கிற ஸ்டேட்ல இருந்தா இன்னும் கொஞ்சம் கூட. டெக்சாஸ், ஃப்ளோரிடாவுல இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க. கலிஃபோர்னியாவுல இருக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், வெளிநாட்டுல கட்டின வரிக்கு அந்த ஸ்டேட் கிரெடிட் (அதை இங்க கட்ட வேண்டிய வரியில கழிக்கிறது) தராது, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தையும் கண்டுக்காது, எல்.எல்.சி வச்சா லாபம் இருக்கோ இல்லையோ வருஷம் 800 டாலர் கட்டணும்.

வருஷக் கடைசியில மொத்தமா கட்டிக்கலாம்னு இருந்தா அபராதம். நாலு தவணை: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த வருஷம் ஜனவரி 15. பேரு என்னமோ காலாண்டு, ஆனா ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவுல ரெண்டு மாசம்தான், புதுசா வர்றவங்க மாட்டுறதே அந்த ஜூன்லதான். ஐ.ஆர்.எஸ் டைரக்ட் பேல பேங்க் அக்கவுண்ட்ல இருந்து இலவசமா கட்டலாம். இந்த வருஷ வரியில 90%, இல்லைன்னா போன வருஷ மொத்த வரியில 100%, போன வருஷ வருமானம் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியிருந்தா 110%, இதுல எது குறைச்சலோ அது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தா அபராதம் கிடையாது.

தவணையே வேண்டாம்னா ஒரு சுலப வழி இருக்கு, நாங்க அதைத்தான் பண்றோம். துணைவர் கம்பெனியில டபிள்யூ-4 ஃபார்மை மாத்தி 4(சி) கட்டத்துல ஒவ்வொரு சம்பளத்துக்கும் இவ்வளவு கூடுதலா பிடிங்கன்னு எழுதிடுங்க. சம்பளத்துல பிடிச்சது வருஷம் பூரா சமமா கட்டினதா எடுத்துக்குவாங்க, நவம்பர்ல முழிச்சுக்கிட்டாலும் டிசம்பர் சம்பளத்துல சரி பண்ணிக்கலாம்.

வெளிநாட்டு கிளையண்ட் 1099 (உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு காட்டுற ஃபார்ம்) அனுப்ப மாட்டாரு. அமெரிக்க கிளையண்ட்டும் 2026ல இருந்து 2,000 டாலருக்கு மேல குடுத்தாத்தான் 1099-என்.இ.சி அனுப்பணும், முன்னாடி அது 600. பேப்பர் வரலைங்கிறதால வருமானம் இல்லைன்னு ஆகாது, ஷெட்யூல் சி-ல (1040 கூட போற தொழில் வரவு செலவுப் படிவம்) நீங்களே எழுதணும். தளம் கமிஷன் பிடிச்சுட்டுக் குடுத்தா, பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள முழுத் தொகையை வரவா காட்டி கமிஷனை செலவா காட்டுங்க. சாஃப்ட்வேர் சந்தா, தொழிலுக்கு வாங்குன லேப்டாப், இன்டர்நெட்ல தொழிலுக்கான பங்கு எல்லாம் செலவு. வீட்டுல ஒரு ரூமைத் தொழிலுக்கு மட்டுமே வச்சிருந்தா சதுர அடிக்கு 5 டாலர், அதிகபட்சம் 300 சதுர அடி. சாப்பாட்டு மேசையில உக்காந்து வேலை பார்த்தா அது கணக்குல வராது, பசங்க ஹோம்வொர்க்கும் அங்கதானே நடக்குது.

6. இந்திய கிளையண்ட்டும் டி.டி.எஸ் கூத்தும்

என் நேரத்தை அதிகமா தின்னது இதுதான். இந்திய கம்பெனிக்கு இன்வாய்ஸ் போட்டா, அவங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் உங்க பான் நம்பரைப் பார்த்துட்டு உள்ளூர் ஆளுன்னு நினைச்சு 194ஜே செக்ஷன்ல 10% டி.டி.எஸ் (காசு குடுக்கும்போதே பிடிக்கிற வரி) பிடிச்சுட்டு மீதியை அனுப்பிடும். உங்களுக்கும் சந்தோஷம், "வரிதான் கட்டியாச்சே, இங்க கிரெடிட் எடுத்துக்கலாம்"னு தோணும். அங்கதான் வினை. சேவையை எங்க இருந்து செஞ்சீங்களோ அந்த நாட்டு வருமானம்னுதான் அமெரிக்கா பார்க்கும், நீங்க இங்க உக்காந்து செஞ்சிருக்கீங்க, அப்ப அது அமெரிக்க வருமானம், ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டோ வெளிநாட்டு வருமானத்துக்கு உள்ள வரியளவுக்குத்தான் கிடைக்கும். அதோட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கட்ட வேண்டியதே இல்லாத வரியைக் கட்டியிருந்தா அதுக்கும் கிரெடிட் தரமாட்டாங்க, இந்தியாவுல ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கோன்னுடுவாங்க. ஆக மொத்தம் பிடிச்ச காசு அங்க போய் உக்காந்துக்கும்.

அதனால பிடிக்கிறதுக்கு முன்னாடியே தடுக்கணும். கான்ட்ராக்ட் போடும்போதே நான் என்.ஆர்.ஐன்னு எழுத்துல சொல்லிடுங்க, வருமான வரி போர்ட்டல்லயும் ஸ்டேட்டஸை மாத்துங்க. இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்துல 15வது ஷரத்து தனியா தொழில் செய்யற ஆளுக்கானது, அந்த வருஷம் இந்தியாவுல 90 நாளுக்குக் குறைவா இருந்து, அங்க நிலையான ஆபீஸும் இல்லைன்னா அந்த வருமானத்துக்கு வரி போடுற உரிமை நீங்க ரெசிடெண்டா இருக்கிற நாட்டுக்குத்தான். ஆனா 12வது ஷரத்துல டெக்னிகல் சேவைக்கு 15% வரைக்கும் போடலாம்னும் இருக்கு, ஜாக்கிரதையான அக்கவுண்டண்ட் அதைத்தான் பிடிச்சுக்குவாரு. உங்க வேலை எதுல வரும்னு ஆடிட்டர்கிட்ட எழுத்துல வாங்கி அவங்களுக்கு அனுப்புறது நல்லது, வாய்வார்த்தையா சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

ஒப்பந்தச் சலுகைக்கு அவங்க கேக்கிற பேப்பர்: அமெரிக்க ரெசிடெண்ட்னு ஐ.ஆர்.எஸ் தர்ற சர்டிபிகேட், அதாவது ஃபார்ம் 6166, அதோட இந்திய போர்ட்டல்ல நீங்க ஆன்லைன்ல போடுற 10எஃப். 6166 வாங்க ஃபார்ம் 8802 அனுப்பணும், 85 டாலர். வேணுங்கிற தேதிக்கு குறைஞ்சது 45 நாள் முன்னாடி அனுப்பச் சொல்லி ஐ.ஆர்.எஸ்ஸே சொல்லுது, நான் சொல்றது அதை விட இன்னும் முன்னாடி. முந்தின வருஷ 1040 ஃபைல் பண்ணியிருந்தா சுலபமா வரும். கிளையண்ட் பக்கம் 15சிஏ (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதுக்கான அறிவிப்பு), தேவைப்பட்டா ஆடிட்டர் கையெழுத்துப் போடுற 15சிபி, பேங்க் இதைக் கேக்கும். 2026 ஏப்ரல் 1ல இருந்து இந்தியாவுல புது வருமான வரிச் சட்டம், செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறுது, அதனால நான் சொன்ன பழைய நம்பரை வச்சு சண்டை போடாதீங்க, புது நம்பர் என்னன்னு ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

காசு எங்க வாங்குறது? நேரா அமெரிக்க அக்கவுண்ட்டுக்கு வாங்குறது கணக்குக்கு சுத்தம். இந்தியாவுலயே வாங்கணும்னா என்.ஆர்.ஓ அக்கவுண்ட்டுக்கு (என்.ஆர்.ஐக்கான ரூபாய் அக்கவுண்ட்). படிக்கும்போது தொடங்கின பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை அப்படியே ஓட்டுறது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிக்கு எதிரானது, அதை என்.ஆர்.ஓவா மாத்தணும். என்.ஆர்.ஓ வட்டிக்கு 30%த்துக்கு மேல பிடிப்பாங்க, அது இந்தியாவுல வர்ற வட்டிங்கிறதால ஃபார்ம் 1116ல கிரெடிட்டுக்கு வழி இருக்கு.

ஊருக்கு லீவுல போகும்போது செய்யற வேலை தனிக் கதை. அங்க இருக்கும்போது செஞ்சா அது அமெரிக்காவுல செஞ்ச வேலை இல்ல, அதனால எச்-1பிக்காரருக்குக் கூட இமிக்ரேஷன் மீறல் வராது. வேலை பார்க்கிற கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை கூடாதுன்னோ, எழுதுற கோடெல்லாம் எங்களுக்கேன்னோ இருக்கும், அதைப் படிச்சுட்டுச் செய்யுங்க. வரியும் இங்க உண்டு, ரெசிடெண்ட் ஆச்சே. பொறி என்னன்னா, ஊர்ல வேலையை முடிச்சுக் குடுத்துட்டு இங்க வந்து இறங்குவீங்க, ரெண்டாம் நாள் கிளையண்ட் "ஒரு சின்ன கரெக்‌ஷன் மட்டும்"னு மெசேஜ் போடுவாரு. பட்டன் கலரை மாத்துறதுதான், பத்து நிமிஷம்தான். ஆனா அந்தப் பத்து நிமிஷம் அமெரிக்க மண்ணுல. எச்-1பிக்காரங்க அந்த இடத்துல முடியாதுன்னு சொல்லத் தயாரா இருந்தா மட்டும் அந்த வேலையை ஒத்துக்கோங்க.

7. வெளிநாட்டு அக்கவுண்ட்டைச் சொல்லுங்க

இது வரி கட்டுறதுக்கு இல்ல, தகவல் சொல்றதுக்கு மட்டும், அதனாலயே எல்லாரும் விட்டுடுறாங்க. அமெரிக்காவுக்கு வெளிய இருக்கிற உங்க எல்லா அக்கவுண்ட்டையும் கூட்டி, வருஷத்துல ஏதோ ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தா எஃப்பார் (வெளிநாட்டு அக்கவுண்ட் ரிப்போர்ட்) போடணும். ஒவ்வொண்ணுலயும் இல்ல, எல்லாம் சேர்த்து. அப்பா கூட ஜாயிண்ட்டா இருக்கிற அக்கவுண்ட்டும் சேரும், அதுல இருக்கிறது முழுக்க அவரு காசுன்னாலும். ஃபின்சென் (நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பு) சைட்ல இலவசம், ஏப்ரல் 15, தவறினா தானாவே அக்டோபர் 15 வரைக்கும் டைம். வேணும்னே செய்யாட்டியும் அபராதம் ஒரு ரிப்போர்ட்டுக்கு பத்தாயிரம் டாலரைத் தாண்டலாம்.

ஃபார்ம் 8938 (வெளிநாட்டு நிதிச் சொத்து விவரம்) வேற, அது 1040 கூட போகும். இங்க இருக்கிற தம்பதி சேர்ந்து ஃபைல் பண்ணினா வருஷக் கடைசி நாள்ல 1,00,000 டாலர், இல்ல நடுவுல எப்பவாவது 1,50,000 டாலர் தாண்டினா, தனி ஆளுக்கு அதுல பாதி. ஒண்ணு போட்டா இன்னொண்ணு வேண்டாம்னு இல்ல, ரெண்டும் வேணும். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வச்சிருக்கிறவங்களுக்கு 8621ன்னு இன்னொரு பூதம் இருக்கு, அதுக்குத் தனிக் கட்டுரை எழுதணும். ஃப்ரீலான்ஸ் காசை மட்டும் அதுல கொண்டு போய்ப் போடாதீங்க.

8. பேப்பரும் ஆளும்

இந்தியா ஏப்ரல் டு மார்ச், இங்க ஜனவரி டு டிசம்பர். ஊர் பேங்க் தர்ற வருஷ சர்டிபிகேட் இங்க நேரா உதவாது, மாசவாரி ஸ்டேட்மெண்ட் இறக்கி நீங்களே பிரிக்கணும், 26ஏ.எஸ்ல (உங்க பான்ல பிடிச்ச வரியோட பட்டியல்) பிடிச்ச வரி தெரியும், அதை வச்சு ஒப்பிடலாம். ரூபாயை டாலரா மாத்த வருஷ சராசரி ரேட்டை எடுத்துட்டு எல்லாத்துக்கும் அதையே வைங்க, எஃப்பாருக்கு மட்டும் டிசம்பர் 31 அன்னைக்கு ட்ரெஷரி போட்ட ரேட். இன்வாய்ஸ், கான்ட்ராக்ட், ஈ.ஏ.டி கார்டு ஸ்கேன் மூணையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க, எந்த வேலையை எந்தத் தேதியில செஞ்சீங்கன்னு கூடவே ஒரு ஷீட். நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல ரிட்டர்ன்ல ஷெட்யூல் சி-யைப் பார்த்து யாராவது கேட்டா, அந்தத் தேதியில அனுமதி இருந்துச்சுன்னு காட்டுறதுக்கு இதுதான்.

ஏப்ரல் 15க்குள்ள ஊர்ல இருந்து பேப்பர் வரலைன்னா 4868 போட்டு அக்டோபர் 15 வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா அது ஃபைல் பண்றதுக்கு மட்டும்தான், காசை ஏப்ரல்லயே தோராயமா கணக்குப் போட்டுக் கட்டிடணும்.

சி.பி.ஏ பிடிக்கும்போது ஃபீஸைக் கேக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இங்க உக்காந்து இந்திய கிளையண்ட்டுக்குச் செஞ்ச வேலை எந்த நாட்டு வருமானம்? எஃப்பாரும் 8938ம் நீங்களே போடுவீங்களா, அதுக்குத் தனிக் காசா? 8802 அனுப்பியிருக்கீங்களா? முதல் கேள்விக்கே "இந்தியா வருமானம், அங்க டி.டி.எஸ் பிடிச்சாச்சுல்ல, விடுங்க"ன்னு பதில் வந்தா நன்றி சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. அதே கேள்வியை ஊர் ஆடிட்டர்கிட்டயும் கேளுங்க, ரெண்டு பேரையும் ஒரே ஈமெயில்ல கோத்து விட்டுட்டா நடுவுல நீங்க மொழிபெயர்ப்பாளரா உக்கார வேண்டிய வேலை மிச்சம். பிப்ரவரியிலயே இதைச் செஞ்சிடுங்க, மார்ச் வந்துட்டா ஊர் ஆடிட்டருக்கு வருஷ முடிவு வேலை, இங்க இருக்கிறவருக்கு ஏப்ரல் கூட்டம், ரெண்டு பேருமே ஃபோன் எடுக்க மாட்டாங்க.